துரு தொடாத செல்வம்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்குத் துருவைப் பற்றி எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை. கடலும் களப்பும் சூழ்ந்த மண் நம் மண். குருநகரிலும் பாசையூரிலும், காரைநகரிலும் பருத்தித்துறையிலும், உப்பைச் சுமந்து வரும் காற்று சாளரக் கம்பிகளைத் தின்கின்றது. கூரைத் தகரத்தின் ஆணிகளைத் தின்கின்றது. முற்றத்தில் நிறுத்திய மிதிவண்டியின் சங்கிலியையும் விட்டுவைப்பதில்லை. ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இப்படியென்றால், ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டுமா? ஊர்த் திருவிழாவுக்கென்று புலம்பெயர் நாட்டிலிருந்து வருகின்றவர், படலையின் முன் நின்று, பத்திரமாய்க் கொண்டுவந்த சாவியைப் பூட்டினுள் இட்டுத் திருப்புகின்றார். சாவி திரும்புவதில்லை. உள்ளே இருப்பதைக் காப்பதற்காகப் பூட்டிய பூட்டே, உரிமையாளரை வெளியே நிறுத்திவிடுகின்றது.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் மலைப்பொழிவில் ஆண்டவர் தந்த அறிவுரை நினைவுக்கு வருகின்றது. பூச்சியும் துருவும் அழிக்கக்கூடிய இடத்தில் செல்வத்தைச் சேர்த்து வைக்காமல், அவை அணுக முடியாத விண்ணகத்தில் சேர்த்து வைக்குமாறு அவர் தம் சீடர்களுக்குக் கற்பித்தார். புனித யாக்கோபு தம் திருமுகத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். செல்வர்களின் பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்துவிட்டன என்றும், அந்தத் துருவே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்றும் அவர் எச்சரிக்கின்றார். இரசாயனவியல் கற்கும் மாணவர் எவரேனும் இதனைக் கேட்டால், பொன் துருப்பிடிக்காதே என்று மறுத்துரைக்கக்கூடும். அவர் சொல்வதும் சரியே. பெட்டியில் கிடக்கும் பொன் மங்குவதில்லை. ஆனால் எவருக்கும் பயன்படாமல் கிடக்கும் பொன்னின் மேல் பிடிக்கும் துரு, பொன்னில் அன்று, அதனை வைத்திருப்பவரின் உள்ளத்தில் பிடிக்கின்றது.

அப்படியானால் செல்வத்தைத் துருவினின்று காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒரு மனிதரைப் பற்றி இவ்வாரம் உங்களோடு பகிர விரும்புகின்றேன். பாக்கு நீரிணைக்கு அப்பால், செட்டிநாட்டுச் சீமையில் பிறந்தவர் அவர். வள்ளல் என்னும் அடைமொழி பெயரோடு ஒட்டிப்போன ராம. அழகப்பச் செட்டியார் அவர்களே அப்பெருந்தகை. அவர் கிறிஸ்தவர் அல்லர்; சைவ நெறி தழைத்த நகரத்தார் குலத்தவர். எனினும் பிற சமயத்தவரிடம் விளங்கும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் நமக்குக் கற்பித்திருக்கின்றது. நல்லவராக நின்ற சமாரியரை எடுத்துக்காட்டிய ஆண்டவரின் சீடர்கள் நாம். ஆகவே நன்மை எங்கே விளைந்தாலும் அதனைக் கண்டு மகிழ்வது நம் கடமை.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் பிறந்தார். வட்டித் தொழிலும் கடல் கடந்த வணிகமும் செழித்திருந்த சமூகம் அது. நம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அக்காலத்தில் செட்டிமாரின் கடைகள் பல இருந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய சூழலில் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், அழகப்பர் கல்வியின் பக்கம் திரும்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1930இல் தம் 21ஆம் வயதில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1933இல் பாரிஸ்டர் ஆனார். அங்கிருந்த காலத்திலேயே விமானம் ஓட்டவும் பயின்று சான்றிதழ் பெற்றார். இளமை, செல்வம், கல்வி, துணிவு ஆகிய நான்கும் ஒருங்கே வாய்த்த இந்த இளைஞரின் முன் உலகமே திறந்து கிடந்தது என்று நாம் எண்ணக்கூடும்.

ஆனால் அந்த இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. இன்று சில மாதங்கள் ஒழுங்காக மருந்து உட்கொண்டாலே முற்றாகக் குணமாகிவிடும் அந்நோய், அன்று உடலைச் சிதைத்ததோடு மனிதரை மனிதரிடமிருந்தும் பிரித்தது. கை குலுக்க நீட்டிய கை தயங்கிப் பின்வாங்குவதைக் கண்ட ஒருவரின் வேதனையை, நற்செய்தி வாசிக்கும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அரச பணியிலோ நீதிமன்றத்திலோ புகழ் தேடும் வழி அவருக்கு அடைபட்டது. நோய்க்குத் தம்மை ஒப்புக்கொடுத்துக் கோட்டையூர் மாளிகையின் உள்ளறையில் ஒடுங்கிவிட்டிருந்தால், அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

அவர் ஒடுங்கவில்லை. வணிகத்தில் இறங்கினார். கேரளத்தில் நூற்பாலை நிறுவினார். அந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. மலாயாவில் ஈயச் சுரங்கமும் இறப்பர்த் தோட்டமும், காப்புறுதி நிறுவனம், பங்குச் சந்தை, ஜூப்பிடர் எயர்வேஸ் என்னும் விமான நிறுவனம் எனப் பல துறைகளில் கால் பதித்தார். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன. பிரித்தானிய அரசு அவருக்குச் சேர் பட்டம் வழங்கியது. இந்திய விடுதலைக்குப் பின் அதனை அவர் துறந்தார். ஈட்டிய செல்வம் மிகப் பெரிது. ஆயினும் அவர் பெயரை நாம் இன்று நினைவுகூர்வது ஈட்டியதற்காக அன்று.

1944இல் சென்னைக் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைய 5 இலட்சம் ரூபா நன்கொடை அளித்தார். பின்னர் 1947ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் வந்தது. சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் அங்கே உரையாற்றுகையில், விடுதலை பெறவிருக்கும் நாட்டுக்குக் கல்லூரிகள் பல தேவை என்றும், செல்வந்தர்கள் முன்வந்து சிறு நகரங்களில் அவற்றை நிறுவ வேண்டும் என்றும் வேண்டினார். இத்தகைய வேண்டுகோள்களை நாமும் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கின்றோம். கைதட்டுகின்றோம், வீட்டுக்குப் போய் யோசிப்போம் என்று எழுந்து விடுகின்றோம். அழகப்பர் அவ்விடத்திலேயே எழுந்து நின்றார். காரைக்குடியில் கல்லூரி ஒன்றைத் தாம் தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, விடுதலை பிறந்த அந்த ஓகஸ்ட் மாதத்திலேயே, அழகப்பா கல்லூரி தொடங்கிவிட்டது. வறண்ட செம்மண் பொட்டலில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, சிறுவர் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இனி, துருவின் கதைக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியாவில் மின்வேதியியலுக்கென ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கத் திட்டமிட்டார்கள். நம் பாடநூல்களின் சொல்லில் அது மின்னிரசாயனவியல். இத்தகைய நிறுவனங்கள் பெருநகரங்களுக்குப் போவதே வழக்கம். அழகப்பர் அதனைத் தம் சிற்றூர்ப் பக்கத்துக்கு அழைத்தார். வெறுங்கையோடு அழைக்கவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபா பணமும் ஈந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அதாவது தைப்பொங்கல் காலத்தில், குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

அந்த நிறுவனத்தின் முக்கியமான ஆய்வுப் பொருள் யாது தெரியுமா, அன்பர்களே? உலோகங்கள் அரிக்கப்படுவதும் அவற்றை அரிப்பினின்று காப்பதுமே. துரு அழிக்கும் இடத்தில் செல்வத்தைச் சேர்க்க மறுத்த ஒருவர் ஈந்த நிலத்தில், துருவையே ஆராயும் கூடம் எழுந்தது. உப்புக் காற்றில் உலோகங்கள் படும் பாட்டை அறிவதற்காக, இராமேசுவரத்துக்குப் போகும் வழியிலுள்ள மண்டபத்தில் அந்நிறுவனத்தின் கடலோர ஆய்வு நிலையமும் உண்டு. அங்கே வீசுவதும் பாக்கு நீரிணையின் காற்றே. நம் சாளரக் கம்பிகளைத் தின்னும் அதே காற்று.

அங்கே ஆராயப்படும் உலோகங்களுள் மகனீசியமும் ஒன்று. பள்ளி ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடாவைக் கொளுத்தி, கண் கூசும் வெண்ணொளியைக் கண்டிருப்பீர்கள். இரும்பின் நிறையில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லாத மிக மெல்லிய உலோகம் அது. அதனால் அலுமினியம், துத்தநாகம் முதலியவற்றோடு கலந்து விமானங்களுக்கும் வாகனங்களுக்கும் உறுப்புகள் செய்கின்றார்கள். நம் ஆனையிறவு போன்ற உப்பளங்களில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலும் மகனீசியம் நிறையக் கரைந்திருக்கின்றது. இத்தனை நலமுள்ள உலோகத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது மிக எளிதில் அரிக்கப்பட்டுவிடும். உப்பு நீரில் இட்டால் குமிழிகள் எழ எழக் கரையத் தொடங்கும். இரும்பு, நிக்கல், செம்பு போன்ற மாசு ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக உள்ளே கலந்திருந்தாலும் அரிப்பு இன்னும் விரைவாகும்.

ஆனால் அதே மகனீசியத்தைக் காரத்தன்மை மிகுந்த கரைசலில் இட்டுப் பாருங்கள். பீ.எச். பெறுமானம் 11 அளவுக்கு உயர்ந்துவிட்டால், அரிப்பு பெரிதும் அடங்கிவிடுகின்றது. காரணம் என்ன? மேற்பரப்பிலுள்ள உலோகத்தின் ஒரு சிறு பங்கு முதலில் தன்னைக் கொடுத்து, நீரோடு சேர்ந்து மகனீசியம் ஐதரொட்சைட்டு என்னும் மென்படையாக மாறுகின்றது. காரக் கரைசலில் அப்படை கரைவதில்லை. அது உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் மற்றப் பங்கு முழுவதற்கும் கவசமாகின்றது. இது வெளியிலிருந்து பூசிய வர்ணம் அன்று. உலோகம் தன்னிலிருந்து கொடுத்ததே அதனைக் காக்கும் ஆடையாயிற்று. நம் வீட்டுக் கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பிகளுக்கும் இத்தகைய காப்பு உண்டு. சீமெந்தின் காரத்தன்மையால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மென்படை உண்டாகிக் காக்கின்றது. கடல் மணலோ உப்புக் காற்றோ உள்ளே புகுந்தால், அந்த உப்பு படையைத் துளைத்துவிடும். கம்பி துருப்பிடித்துப் பருத்துத் தூணையே வெடிக்கச் செய்யும். மகனீசியத்தின் கவசத்துக்கும் உப்பே பகை.

மகனீசியத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். நிலத்தடியில் பதித்த இரும்புக் குழாய்களோடும், வெந்நீர்த் தொட்டிகளோடும் ஒரு மகனீசியத் துண்டை இணைத்து வைப்பதுண்டு. இரும்புக்கு வரவேண்டிய அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு அத்துண்டு கரைந்து போகும், இரும்பு பிழைத்திருக்கும். எளிதில் அரிக்கப்படும் என்ற குறையே அங்கே அருங்குணமாகி விடுகின்றது. சிலுவையைத் தியானிக்கும் குடும்பங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கம் கூற வேண்டுமோ?

அழகப்பரின் கடைசி ஆண்டுகளை இவ்வொளியில் பாருங்கள். நோய் உடலை உள்ளிருந்து தேய்த்துக்கொண்டிருந்தது. செல்வமும் முன்போல் இல்லை. அப்போதும் கொடுப்பது நிற்கவில்லை. பெண்கள் கல்விக்காகத் தாம் குடியிருந்த இல்லத்தையே கொடுத்தார். நோயுற்ற ஒருவர் தம் சொந்தக் கூரையை விட்டுக்கொடுப்பது எத்தகைய செயல் என்பதை, போரினால் வீடிழந்து பள்ளிக்கூடங்களிலும் ஆலயங்களிலும் தங்கிய நாம் அறிவோம். நாம் இழந்தோம், அவரோ மனமுவந்து கொடுத்தார். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தம் 48ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், அவர் உயிர் நீத்தார். 1985இல் அவர் நட்ட கல்வி நிலையங்களிலிருந்து அழகப்பா பல்கலைக்கழகம் மலர்ந்தது. நோய் தின்ன முடிந்தது உடலை மட்டுமே. நூற்பாலைகளும் சுரங்கங்களும் கை மாறிப்போயின. அவரிடத்தில் நிலைத்திருப்பது எது? எதனைத் தம் கையிலிருந்து விட்டாரோ அதுவே அழியாமல் நிற்கின்றது.

அன்பார்ந்த குடும்பங்களே, இக்கதையைக் கேட்டு, நம்மிடம் 300 ஏக்கர் இல்லையே என்று ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். ஏரோதின் கோவிலில் காணிக்கை இட்ட கைம்பெண்ணிடம் இரண்டு செப்புக் காசுகளே இருந்தன. நம்மிடமும் பூட்டிக் கிடப்பவை பல உண்டு. பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் இருக்க, எவரும் திறவாத அறைகள் உண்டு. அயலில் விளக்கில்லாமல் படிக்கும் பிள்ளை ஒன்றும் உண்டு. வங்கிப் பெட்டகத்தில் உறங்கும் நகை உண்டு. கட்டணம் செலுத்த முடியாமல் பல்கலைக்கழகக் கனவைக் கைவிடும் மாணவி ஒருத்தியும் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரின் நெஞ்சில் பூட்டிக் கிடக்கும் கணிதம் உண்டு. பங்கிலே அதனை இலவசமாகக் கேட்கக் காத்திருக்கும் சிறுவர்களும் உண்டு. காணித் தகராற்றால் பத்து ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறந்தோரிடையே பூட்டிக் கிடக்கும் ஒரு வார்த்தையும் உண்டு. அதுவும் செல்வமே, அதுவும் துருப்பிடிக்கின்றது.

முதலில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துப் பாருங்கள். மகனீசியத்தின் மேற்பரப்பைப் போல, அச்சிறு பங்கு உங்கள் குடும்பம் முழுவதற்கும் கவசமாகும். கொடுக்கும் பெற்றோரைக் கண்டு வளரும் பிள்ளை, பேராசை என்னும் அரிப்புக்கு எளிதில் ஆளாவதில்லை. ஆயினும் விழிப்பாயிருங்கள். நல்ல படையையும் உப்பு துளைப்பது போல, நல்ல கொடையையும் தற்புகழ்ச்சி துளைத்துவிடும். வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியது இதனாலேயே.

இவ்வாரம் உங்கள் வீட்டுப் படலையின் பூட்டுக்கு எண்ணெய் இடும்போது, ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். இந்தப் பூட்டுக்கு அப்பால், நான் திறக்கவேண்டிய பூட்டு எது? இன்றிரவு குடும்பச் செபத்தின் முடிவில் பிள்ளைகளோடு கூடி, அந்த ஒன்றைப் பெயர் சொல்லித் தெரிந்தெடுங்கள். வரும் ஞாயிறு திருப்பலிக்கு முன் அதனைத் திறந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் எமக்காகக் கொடுத்த இறைவா, நாங்கள் பற்றிக்கொண்டிருப்பவை எங்களைத் தின்றுவிடுமுன், அவற்றைப் பிறருக்கு ஈயும் மனத்தை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.